பழைய கடதாசிக்கு விலை சொல்வது யார்?

2022 மார்ச் மாதத்தை நாம் எரிபொருள் வரிசையாலும் எரிவாயு வரிசையாலும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. மேல் மாகாணப் பாடசாலைகளில் 9, 10, 11ஆம் தரங்களுக்கு நடக்கவிருந்த தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லை. மாத இறுதியில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கு அது ஒரு நாள் செய்தி. பரீட்சைக்குப் படித்திருந்த பிள்ளைகளுக்கு அப்படி அல்ல.

அதே வாரங்களில் எமது ஊர்களின் குப்பை வண்டிகள் வழக்கம்போலவே கடதாசியை ஏற்றிச் சென்று கொட்டிக்கொண்டிருந்தன. எழுதி முடித்த அப்பியாசக் கொப்பிகள், கடைகளின் மட்டைப் பெட்டிகள், அலுவலகங்களின் பழைய கோப்புகள். எல்லாமே சோற்றுப் பருக்கையோடும் மீன் கழிவோடும் கலந்து நனைந்து போனவை. கடதாசி இல்லாமல் பரீட்சையை நிறுத்திய நாடு, கடதாசியைக் குப்பைமேட்டில் புதைத்துக்கொண்டிருந்தது.

சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2025 ஜனவரி 1ஆம் திகதி 'கிளீன் ஸ்ரீ லங்கா' வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்ட பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் கருத்தரங்குகளில் அதற்குத் தரப்படும் விளக்கம் எளிமையானது. இதுவரை நாம் எடுத்து, செய்து, பாவித்து, எறிந்தோம். இனி எறிவதை மீண்டும் எடுத்துச் செய்வதாக மாற்றவேண்டும். அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றும் ஒரு படமும் திரையில் காட்டப்படும். அந்தப் படத்தில் பொருள்கள் இருக்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். போத்தல் தானாகவே நடந்து தொழிற்சாலைக்குத் திரும்புவது போல இருக்கும்.

ஒரு பொருள் வளமா குப்பையா என்பதை அந்தப் பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை அடுத்து வாங்க ஒருவர் இருக்கிறாரா, அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அது கெடாமல் இருக்குமா, அதற்கு அவர் கொடுக்கும் விலை தூக்கிச் சென்றவரின் கூலிக்குக் காணுமா என்பதைப் பார்த்தே சொல்லலாம். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் நல்ல பொருள் குப்பையாகிவிடும். கிழக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. ஓட்டமாவடியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் வாழைச்சேனைக் கடதாசி ஆலை இருக்கிறது.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட மூன்று பெரிய ஆலைகள் காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. வாழைச்சேனை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் மூலப்பொருள் இலுக்குப் புல்லும் வைக்கோலும். வேறு யாரும் விலை கொடுக்காத இரண்டு பொருள்கள். ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் எரிசோடா செய்யப்பட்டது; எரிசோடா வாழைச்சேனையில் வைக்கோலைக் கூழாக்கியது; கூழ் எங்கள் தலைமுறையின் கொப்பிகளாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஆலையில் மாறி மாறி வேலைமுறை பார்த்தார்கள். சுற்றியிருந்த விவசாயிகளுக்கு நெல்லுக்கு மேல் ஒரு வருமானம் இருந்தது. அப்போது இதற்கு யாரும் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வைக்கவில்லை.

இதைப் பழங்கதை பேசிப் பெருமைப்படுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆலையின் வட்டத்திலும் ஓட்டை இருந்தது. வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா அதிகம். எரிசோடாவில் வேகவைத்த பிறகு மிஞ்சும் கறுப்புக் கழிவுநீரிலிருந்து இரசாயனத்தை மீட்டெடுக்க விடாமல் தடுப்பது அந்தச் சிலிக்காதான். மரக்கூழ் ஆலைகளில் அந்தக் கறுப்பு நீரைக் காய்ச்சி எரித்து, வெப்பத்தையும் சோடாவையும் திரும்பப் பெறுகிறார்கள். வைக்கோல் ஆலையில் அது குழாய்களில் கண்ணாடி போலப் படிந்துவிடும். எனவே கழிவுநீர் அருகிலிருந்த நீர்நிலைக்கே போனது. வாழைச்சேனையில் வாவி, 1970களின் பிற்பகுதியில் வந்த எம்பிலிப்பிட்டிய ஆலையில் வளவை கங்கை. விவசாயியின் கழிவை வளமாக்கிய ஆலை, மீனவனின் வளத்தைக் கழிவாக்கியது. வட்டம் என்று ஒன்றைக் காட்டுபவர்களிடம் அது எந்த இடத்தில் கசிகிறது, அங்கே யார் வசிக்கிறார்கள் என்று கேட்டாகவேண்டும்.

பிறகு யுத்தம் வந்தது. வைக்கோல் ஏற்றிவரும் பாதைகளே ஆபத்தாயின. திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதிக் கடதாசி மலிந்தது. இயந்திரங்கள் பழசாகின, அரசியல் நியமனங்கள் மட்டும் புதிதாகிக்கொண்டிருந்தன. ஆலை மெல்ல மெல்ல நின்றது. 2021இல் விமல் வீரவன்ச கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது, வைக்கோலை விட்டுவிட்டு, பாவித்த கடதாசியை மூலப்பொருளாகக் கொண்டு சிறிய அளவில் அதை மீள இயக்கினார்கள். ஆட்சிகள் மாறியும் வாழைச்சேனையை எழுப்புவோம் என்ற பேச்சு மாறவில்லை. பேச்சு முழுவதும் இயந்திரம், முதலீடு, காணி பற்றியது. மூலப்பொருளைப் பற்றிக் கேட்டால் நாட்டில் பழைய கடதாசிக்கா பஞ்சம் என்று சிரிப்பார்கள். என் பார்வையில், சிக்கல் இருப்பது அந்தச் சிரிப்பில்தான்.

வைக்கோலுக்கே திரும்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் அறுவடைக்குப் பிறகு வயலில் வைத்தே எரிக்கும் வைக்கோலைப் பார்த்தால் யாருக்கும் அந்த யோசனை வரும். ஆனால் வைக்கோலுக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. மாடு தின்னவேண்டும், மண்ணும் தின்னவேண்டும். வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுங்கள் என்று விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தபோது இதன் அருமை தெரிந்தது. திடீரென எல்லோரும் சேதனப் பசளை தேடினார்கள், கிடைக்கவில்லை. மாநகர சபைக் குப்பையிலிருந்து செய்த பசளையில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் இருந்தன. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது. கழிவை வளமாக்குவது வர்த்தமானி அறிவித்தலால் ஒரு போகத்துக்குள் நடக்கும் காரியம் அல்ல என்பதற்கு அதைவிடப் பெரிய விலையை இந்த நாடு கொடுத்ததில்லை.

ஆக, இன்று வாழைச்சேனைக்கு உரியது பாவித்த கடதாசி. அதன் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கடதாசி நாரினால் ஆனது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிறது. ஐந்து, ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு தடவை. அதற்குப் பிறகு அது தாளாகப் பிடிக்காது. ஆகவே புதிய நார் கொஞ்சம் எப்போதும் சேரவேண்டும். வெள்ளைக் கொப்பித் தாளையும் மட்டைப் பெட்டியையும் ஒன்றாகக் கலந்தால் கிடைப்பது மட்டை மட்டுமே. எழுதும் தாள் கிடைக்காது. எண்ணெய் பட்டால் கெட்டது. சோற்றுப் பார்சல் சுற்றிய தாளால் எந்த ஆலைக்கும் பயனில்லை. கடைகளில் தரும் வழவழப்பான பற்றுச்சீட்டு வெப்பத்தில் எழுத்து தோன்றும் இரசாயனம் பூசியது; அதை மற்றக் கடதாசியோடு சேர்க்கவே கூடாது. பால் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கும். இதெல்லாம் தெரிந்து பிரித்துத் தருபவர் இருந்தால்தான் ஆலைக்கு மூலப்பொருள் இருக்கிறது. இல்லாவிட்டால் ஈரக் குப்பைதான் இருக்கிறது.

அப்படித் தெரிந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். தெருவில் பழைய பேப்பர், போத்தல், இரும்பு என்று கூவிக்கொண்டு தராசோடு வருபவர். கையால் தொட்ட உடனே அலுமினியமா வெள்ளீயமா என்று சொல்லிவிடுவார். எந்த மட்டை காய்ந்தது, எது பாரத்துக்காகத் தண்ணீர் தெளிக்கப்பட்டது என்று தூக்கியே கண்டுபிடிப்பார். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒரு பழைய வாகனத்தை நட்டு போல்ட் வரை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொந்தக்காரரைத் தேடிக்கொடுக்கும் கடைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. எல்லா இனத்தவரும் இருக்கும் தொழில்தான். ஆனாலும் பழைய இரும்பு, உதிரிப்பாகம், பழைய போத்தல் வியாபாரத்தில் எமது சமூகத்தின் உழைப்பு பெரியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டின் வாகனங்கள் ஓடியது பழுதுபார்ப்பவர்களின் கையாலும் பழைய உதிரிப்பாகங்களாலும்தான். எந்தக் கருத்தரங்கிலும் அவர்களை மேடைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலை நாமே கீழாகப் பார்க்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். இரும்புக் கடையில் சம்பாதித்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர், அந்தப் பிள்ளையின் கல்யாணப் பேச்சில் வாப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் 'பிஸ்னஸ்' என்று மட்டும் சொல்வார். வெளியிலிருந்து வரும் பார்வை இன்னும் மோசம். எங்காவது கேபிள் திருட்டு நடந்தால் முதலில் தேடப்படுவது இந்தக் கடைகள்தான். சில இடங்களில் அதற்குக் காரணமும் இருக்கிறது. கேள்வி கேட்காமல் வாங்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதற்குப் பரிகாரம் முறையான பதிவும் கொள்வனவுப் புத்தகமும். எல்லோரையும் கள்ளப் பொருள் வாங்குபவராகப் பார்ப்பது பரிகாரம் ஆகாது. தெருவில் சேகரிப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை, கையுறையும் இல்லை. கை வெட்டுப்பட்டால் அன்றைய உழைப்பு போச்சு.

மார்க்க ரீதியாகவும் இந்தத் தொழிலைக் கீழாகப் பார்க்க எமக்கு இடமில்லை. இப்னு அப்பாஸ் (ரழி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு சம்பவம் பலருக்குத் தெரியும். மைமூனா (ரழி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கொடுக்கப்பட்ட ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது செத்த பிராணி ஆயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது, அதை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். வீண்விரயம் கூடாது என்ற பொதுவான உபதேசத்தை எல்லாக் குத்பாவிலும் கேட்கிறோம். இந்தச் சம்பவம் அதைவிட நுட்பமானது. ஒரு பொருள் ஒரு பாவனைக்கு உதவாது என்று ஆனபிறகும் அதில் வேறு பாவனை எது மிஞ்சியிருக்கிறது, அதை எப்படித் தயார் செய்வது என்று தேடச் சொல்கிறது.

கடதாசியின் வரலாற்றிலும் எமக்குப் பங்கு உண்டு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் கடதாசி உற்பத்தி வேரூன்றியபோது, சீனாவில் பயன்பட்ட மரப்பட்டை அங்கே கிடைக்கவில்லை. முஸ்லிம் கைவினைஞர்கள் கந்தல் லினன் துணியையும் நைந்த கயிற்றையும் ஊறவைத்து இடித்துத் தாள் செய்தார்கள். பக்தாதின் சூக் அல்-வர்ராகீன் என்ற கடதாசி, புத்தகச் சந்தை முழுவதும் அந்தக் கந்தலின் மேல் நின்றது. ஹதீஸ் தொகுப்புகளும் மருத்துவ நூல்களும் கணித நூல்களும் பிரதி செய்யப்பட்டது யாரோ உடுத்திக் கிழிந்த துணியில். அந்தக் கந்தலை வீடு வீடாகச் சேர்த்துக் கொடுத்தவர்கள் இல்லாமல் வர்ராகீன் சந்தையும் இருந்திருக்காது.

இனி அடுத்த கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உழ்ஹிய்யாத் தோலைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி குர்பான் கொடுத்தவர் தோலை விற்றுப் பணத்தைத் தான் எடுத்துக்கொள்ள முடியாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்க முடியாது. தானே பாவிக்கலாம், அல்லது ஸதகாவாகக் கொடுக்கலாம். பெரும்பாலும் அது மத்ரஸாக்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் போகும். ஒரு காலத்தில் அவற்றின் வருடச் செலவில் தோல் பணத்துக்கு ஓர் இடம் இருந்தது. இன்று தோலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல இடங்களில் வேண்டாம் என்கிறார்கள். செயற்கைத் தோல் சந்தையைப் பிடித்துவிட்டது, பதனிடும் தொழில் சுருங்கிவிட்டது. அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்பிடாவிட்டால் தோல் அழுகத் தொடங்கும்; பெருநாள் அன்று உப்பிட ஆளும் இல்லை, இடமும் இல்லை. 2019இல் பங்களாதேஷில் இது பெரிய அளவில் நடந்தது. வாங்க ஆளில்லாமல் குர்பான் தோல்கள் வீதியோரத்தில் குவிக்கப்பட்டன, குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. அதே மாடு, அதே தோல். இடையில் இருந்த வியாபாரி மட்டும் இல்லை.

இதற்கு மறுபுறமும் இருக்கிறது. ஆலை கட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்ததன் விளைவு அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளக்காட்டுக் குப்பைத் தளம் 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களின் குப்பை பிரிக்கப்படாமலே அங்கே வந்து குவிந்தது. பொலித்தீனில் கட்டிய மீந்த சாப்பாட்டைத் தேடி யானைகள் வந்தன. 2022 ஜனவரியில் வெளியான செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் அந்தத் தளத்தில் பிளாஸ்டிக்கைத் தின்று ஏறத்தாழ 20 யானைகள் இறந்திருக்கின்றன. அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின. அந்தக் குப்பையில் எமது வீட்டு நோன்புக் கஞ்சிப் பையும் எமது கல்யாண மண்டபத்தின் பிளாஸ்டிக் கோப்பையும் இருந்திருக்கும் என்று நாம் பேசிக்கொள்ளவில்லை. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தபோது ஒரு வாரம் பேசினோம். பிறகு கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவர முடிவானது. அதற்கு எதிராகப் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: உங்கள் வட்டத்தின் அழுக்கு முனை ஏன் எப்போதும் எங்கள் ஊரில் முடிகிறது?

அந்தக் கேள்வி நாடுகளுக்கு இடையிலும் உண்டு. 2019இல் கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்கவில் ஒரு வர்த்தக வலயத்திலும் பிரித்தானியாவிலிருந்து வந்த கழிவுக் கொள்கலன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பாவித்த மெத்தை, கம்பளம் என்றும், பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவதற்கு என்றும் ஆவணத்தில் இருந்தது. உள்ளே மருத்துவமனைக் கழிவுகளும் கிடந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். மொத்தம் 263 கொள்கலன்கள். வழக்கும் பேச்சுவார்த்தையுமாக இழுபட்டு, கடைசிக் கொள்கலன் திரும்பிப் போனது 2022 பெப்ரவரியில். மீள்சுழற்சி என்ற நல்ல சொல் குப்பை கடத்துவதற்கு எவ்வளவு வசதியான போர்வை என்பதை அப்போதுதான் பலர் அறிந்தார்கள். தனது கழிவுக்கு அடுத்த கை எது என்று பணக்கார நாடு தேடும்போது, விலை குறைந்த கை எங்கே இருக்கிறது என்றே தேடுகிறது.

அரசாங்கம் இதுவரை செய்ததில் பெரும்பகுதி தடை. 2017 செப்டெம்பரில் லன்ச் ஷீட், 2021இல் சிறிய சஷே பக்கற், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகத் தரக்கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும். கடைசியாகச் சொன்னது மற்றவற்றை விட வேலைசெய்யும் என்று நம்புகிறேன், ஏனென்றால் அது ஒரு பொருளுக்கு விலை வைக்கிறது. பத்து ரூபாய் சொல்லாத பாடத்தை எந்தப் பதாகையும் சொல்வதில்லை. ஆனால் பையை வாங்கும்போது விலை வைத்தோமே தவிர, திருப்பிக் கொடுக்கும்போது விலை வைக்கவில்லை. முன்பு சோடாப் போத்தலுக்குக் கடையில் வைப்புப் பணம் கட்டினோம்; வெற்றுப் போத்தலைக் கொடுத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலும் வீதியில் கிடக்கவில்லை. சிறுவர்களே தேடிப் பொறுக்கிக் கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் போத்தல் வந்தபிறகு கம்பனிகள் அந்தப் பொறுப்பைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டன. அதைத் தூக்கிக்கொண்டது பிரதேச சபையின் ட்ரக்டர். வைப்புப் பணத்தைச் சட்டமாக்குங்கள் என்று கம்பனிகளிடம் கண்டிப்பாகச் சொல்லும் அரசாங்கத்தைத்தான் இன்னும் காணவில்லை.

கடதாசிக்கு வருவோம். வாழைச்சேனை ஆலைக்கு உண்மையான எதிர்காலம் வேண்டுமானால், அதன் வாயிலில் இயந்திரத்தைவிட முதலில் வேண்டியது ஒரு விலைப்பலகை. காய்ந்த வெள்ளைத் தாள் கிலோ இவ்வளவு, பத்திரிகை இவ்வளவு, மட்டை இவ்வளவு, இன்ன மாதம்வரை இந்த விலை மாறாது என்று. அந்த உத்தரவாதம் இருந்தால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் பழைய பொருள் வியாபாரிகள் மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். உலகச் சந்தையில் விலை விழும்போதெல்லாம் கொள்வனவை நிறுத்தும் ஆலைக்கு யாரும் கடதாசி சேர்த்து வைக்கமாட்டார்கள். சேர்த்து வைக்க இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும், மழைக்குத் தகரம் வேண்டும்.

பிரதேச சபைகளுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. காத்தான்குடியைப் போல நிலம் இல்லாமல் நெருங்கி வாழும் ஊர்களுக்குக் குப்பை கொட்ட இடம் தேடுவதே ஆண்டுதோறும் தலைவலி. ஒவ்வொரு ட்ரக்டர் பயணத்துக்கும் டீசல் செலவு. கடதாசியும் மட்டையும் வீட்டு வாசலிலேயே பிரிந்துவிட்டால் வண்டியின் பாரம் குறையும். மீதி ஈரக் குப்பையிலிருந்து கண்ணாடித்துண்டு இல்லாத பசளையும் கிடைக்கும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் வாக்குக் கேட்டபோது வீதியையும் வடிகானையும் பற்றிப் பேசினார்கள். ஈரம் ஒரு நாள், காய்ந்தது ஒரு நாள் என்று சேகரிக்கும் நேர அட்டவணை ஒன்றைப் போடுவதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை. போட்ட அட்டவணையை ஆறு மாதம் தவறாமல் நடத்துவதுதான் கடினம். இரண்டு வாரம் வண்டி வராவிட்டால், பிரித்து வைத்த பெண்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் இதில் தனியான வசதி ஒன்று இருக்கிறது. ஜமாஅத்துக்குள் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விபரம் பிரதேச சபையை விடப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் துல்லியமாக உண்டு. வருட இறுதியில் பிள்ளைகளின் பழைய கொப்பிகளை ஒரு ஜும்ஆ நாளில் சேர்த்து எடைபோட்டு விற்று, வரும் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புதிய கொப்பி வாங்குவதற்கு எந்தப் பெரிய திட்டமும் வேண்டாம். தோலில் இழந்த வருமானத்தில் ஒரு பகுதியை மத்ரஸாக்கள் கடதாசியில் தேடிக்கொள்ளலாம். ஒரு நடைமுறைச் சிக்கல் வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய முஸ்ஹப், கிதாபு, அல்லாஹ்வின் பெயர் அச்சான தாள்கள் இந்தக் குவியலில் கலந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. நியாயமான அச்சம். அவற்றை மரியாதையாக எரிப்பதோ புதைப்பதோ வழமை. எழுத்து முற்றாக அழிந்துபோகும் முறையில் கூழாக்கலாம் என்று சமகால உலமாக்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். பாகிஸ்தானின் குவெட்டாவில் பழைய முஸ்ஹப்களைப் பாதுகாக்க மலைக்குள் சுரங்கங்களே வெட்டியிருக்கிறார்கள். அவை நிரம்பிக்கொண்டே போகின்றன. எமது நாட்டில் இதற்கு என்ன வழி என்று ஜம்இய்யத்துல் உலமா தெளிவாக ஒரு வழிகாட்டலைத் தந்தால், பள்ளிவாசல் அறைகளின் மூலையில் கறையான் அரிக்கும் மூட்டைகளுக்கும் ஒரு முடிவு கிடைக்கும்; மற்றக் கடதாசியைத் தயக்கமில்லாமல் சேகரிக்கவும் முடியும்.

கைத்தொழில் அமைச்சில் வாழைச்சேனையைப் பற்றி அடுத்த முறை கூட்டம் நடக்கும்போது கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலராவது அங்கே இருப்பார்கள். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதோடு, ஓட்டமாவடியிலிருந்தோ மாளிகாவத்தையிலிருந்தோ கடதாசி எடைபோட்டு வாங்கும் ஒரு வியாபாரியையும் கூட அழைத்துப் போனால் நல்லது. ஆலைக்குக் கடதாசி எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் வராது, கிலோவுக்கு என்ன விலை கொடுத்தால் ஓட்டமாவடியின் கடதாசி கொழும்புக்குப் போகாமல் வாழைச்சேனைக்கே வரும் என்று அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.